யாரையும் தனியாகக் கேட்கவிடாதவள்

ரெக்கார்டிங் ரூம் வைத்திருந்த அந்தப் பெண் யாருக்கும் ஹெட்போன் கொடுக்க மாட்டாள். காசு வாங்காமல் பாட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மழைக்குக் குடை கொடுத்து, அந்தக் குடை திரும்பி வராமலே போயிருக்கிறது. ஹெட்போனை மட்டும் கேட்டால், கழுத்துத் தாலியைக் கேட்ட மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். கழுத்தில் தாலி கிடையாது, அது வேறு விஷயம். அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு நானே அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

"குடேன்டி, காதுல வெச்சிப் பாத்துட்டுக் குடுத்துடறேன். திங்கவா போறேன்?"

"ஒரு பக்கம் வேல செய்யலீங்க பெரிம்மா."

"அப்ப வேல செய்யற பக்கத்த எங்கிட்டக் குடு."

"அது எனக்கு வேணுமுங்களே."

இப்படித்தான் பேசுவாள். குரல் ஏறாது, இறங்காது. நம் வாய்க்கு ஒரு முழம் எட்டாமல் நின்றுகொண்டு பதில் சொல்வாள்.

விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற வழியில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவள் ரெக்கார்டிங் ரூம். இப்போது அங்கே செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். அவள் பாண்டிச்சேரிப் பக்கம் தம்பியோடு போய்விட்டாள் என்று கேள்வி. ரூமின் சுவரெல்லாம் முட்டை அட்டை. ஜன்னலுக்குப் பழைய ஜமுக்காளம். இத்தனை செய்தும் கூட்ஸ் வண்டியின் சத்தத்தை அவளால் நிறுத்த முடியவில்லை. தூரத்தில் ஊதினாலே கையைத் தூக்கிவிடுவாள். பாடிக்கொண்டிருப்பவர்கள் திறந்த வாயோடு நிற்க வேண்டும். வண்டி போய் முடித்ததும் கையை இறக்குவாள். விட்ட இடத்திலிருந்து பாட வேண்டும். எனக்கு எங்கே விட்டேன் என்று ஒருநாளும் நினைவிருக்காது. கூடப் பாடுகிற அஞ்சலைதான் அடி எடுத்துக் கொடுப்பாள்.

நாங்கள் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்தவர்கள். சூளைக்குப் போகும் முன்பு பொம்மையின் பிசிறைத் தட்டுவது, வந்த பிறகு கண்ணு மூக்கு எழுதுவது. கை வேலை செய்கிறது, வாய் சும்மாதானே இருக்கிறது என்று பாட ஆரம்பித்தோம். எனக்கு எதிரில் உட்கார்ந்து கண்ணு எழுதுகிறவள் அஞ்சலை. ஆயுத பூஜைக்கு நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து பாடியதைக் கேட்டு முதலாளி குளிர்ந்துபோனார். "இதப் போயி ரெக்கார்டு பண்ணுங்கம்மா" என்று அவரே அனுப்பிவைத்தார். அப்படித்தான் அந்த மாடி ஏறினோம். அதற்குப் பிறகு மாரியம்மன் பாட்டு, தாலாட்டு, பொங்கல் பாட்டு என்று வருஷா வருஷம் ஏறினோம்.

அவளிடம் ஒரு பெட்டி இருந்தது. பெரிய பெட்டி இல்லை, ஒரு முறம் அகலம்தான். அதன் மேல் எட்டுக் கட்டைகள் வரிசையாக, மேலும் கீழும் தள்ளுகிற மாதிரி இருக்கும். எட்டுப் பேர் பாடினாலும் எட்டுக் குரலையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுமாம். ஒரு பாட்டுக்கான குரல், தபேலா, ஜால்ரா எல்லாம் சேர்ந்த மூட்டைக்கு ப்ராஜெக்ட் என்று பெயர். கட்டைகள் எதற்கு என்று நான் கேட்டதில்லை. விளக்கு எரிகிறது, கட்டை இருக்கிறது, அவள் விரல் அதன் மேல் ஊர்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

முதல் நாளே என்னை மட்டும் பீரோ ஓரத்தில் நிறுத்தினாள்.

"ஏன்டி என்ன மட்டும் மூலையில நிக்க வெக்கிற? நான் என்னா தீட்டா?"

"உங்க குரலு பெருசுங்க பெரிம்மா. மத்தவங்கள மூடிடும். உங்களுக்குன்னு தனி மைக்குங்க."

தனி மைக். அன்றைக்கு நான் படியிறங்கிய அழகை சைக்கிள் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். கம்பெனியில் ஒரு வாரம் அதையே பேசினேன். "என்னாத்துக்கு எனக்கு மட்டும் தனி மைக்குன்னா…" என்று நான் ஆரம்பித்தால் பொம்மைகளே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

யாரையும் நல்லா இல்லை என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "நல்லா வந்துருக்குதுங்க. இன்னொரு தடவ எடுத்துக்கலாம்" என்பாள். நல்லா வந்திருந்தால் எதற்கு இன்னொரு தடவை என்று யாரும் கேட்டதில்லை. மனுஷருக்கு முதல் பாதி காதில் விழுந்தாலே போதும்.

ஒரு டீச்சர் அவளிடம் பாட வந்தார். கண்டிப்பான டீச்சர். பாடி முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு முகஸ்துதி பிடிக்காது. உள்ளதைச் சொல்லு, எப்படி இருந்தது?" என்றார். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு மாட்டினாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"டீச்சர், உங்க உச்சரிப்பு மாதிரி இந்த ரூம்புல யாருதும் வந்ததில்லீங்க" என்றாள்.

டீச்சர் முகம் பூத்துவிட்டது. அவர் போன பிறகு அவள் காதைப் பிடித்தேன். "பாட்டு எப்பிடின்னு கேட்டா உச்சரிப்ப சொல்றியே, திருடி."

"அது நெசமாவே நல்லா இருக்குதுங்களே பெரிம்மா."

"அப்ப என்னப் பத்தி ஒன்னு சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். "நீங்க வந்தா ரூம்பே கலகலன்னு இருக்குதுங்க."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றவள் நான்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆன ஒருவரும் வருவார். பழமலைநாதர் மேல் அவரே எழுதி அவரே பாடுவார். மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். ஆனால் ரெக்கார்டில் கேட்டால் அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் ஓடிவந்து அவரை மறைத்துக்கொண்டு நிற்கும். அவர் சைக்கிள் கடையில் உட்கார்ந்து, "என் குரலுக்கு அந்தப் புல்லாங்குழல் அப்படியே ஒட்டிக்குது, பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கும் அஞ்சலைக்கும் சிரிப்பை அடக்க முடியாது. நான் சிரித்தது அவரைப் பார்த்து. அஞ்சலை எதைப் பார்த்துச் சிரித்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பாட்டு எடுத்து முடிந்த உடனே யாரும் எதையும் தொடக்கூடாது. பெட்டியில் ஒரு சின்ன விளக்கு மின்னும். "எழுதிக்கிட்டு இருக்குதுங்க" என்பாள், பிள்ளை தூங்குகிறது என்று சொல்வதுபோல. ஃபேன் சுவிட்சைக்கூட அணைக்க விடமாட்டாள். பெட்டி எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுப்பாள். பிறகு பென்டிரைவில் ஒன்று. அந்தப் பென்டிரைவை மருந்துக் கடைக் கவரில் போட்டு, நூல் சுற்றி, வேறு யார் வீட்டிலாவது வைக்கக் கொடுத்துவிடுவாள்.

"இடி விழுந்தா பெட்டியும் போயிடும், கம்ப்யூட்டரும் போயிடுமுங்க. வெளிய ஒரு வூட்ல ஒன்னு இருக்கணும்."

"அப்ப எங்க பாட்ட எங்கிட்டயே குடு. நான் பத்திரமா வெச்சிக்க மாட்டனா?"

"உங்க பாட்டு உங்க வூட்ல இருந்தா ஆச வந்துடுமுங்க. யார்கிட்டயாவது குடுத்துப் போடச் சொல்லுவீங்க. சொருகிச் சொருகி எடுத்தா கெட்டுடும்."

அதனால் ரயில்வே கார்டு பாடியது என் வீட்டு அரிசி டிரம்மில் இருந்தது. நாங்கள் பாடியது ஜங்ஷன் டீக்கடைக்காரர் வீட்டில் இருந்தது. என் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை, டீக்கடைக்காரர் வீட்டிலும் இல்லை. என்ன ஒரு புத்தி இந்தப் பெண்ணுக்கு, இடிக்குக்கூட வழி பண்ணி வைத்திருக்கிறாளே என்று ஊரெல்லாம் சொன்னேன். அவள் பயந்தது இடிக்கு மட்டும் இல்லை. அந்தப் பென்டிரைவில் இருந்ததெல்லாம் தனித்தனிக் குரல், பூச்சுப் பூசாத குரல். அவரவர் குரல் அவரவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் மழைக்கு நானும் அவளும் மட்டும் மாட்டிக்கொண்டோம். "ஊரு பாட்டெல்லாம் எடுக்கறியே, நீ ஒரு பாட்டு பாடேன்டி" என்றேன்.

"சின்ன வயசுல பாடுவேனுங்க. சர்ச்சுல நான்தான் மொதல் வரிசை."

"அப்புறம்?"

"ஒருத்தரு ஹெட்போன காதுல மாட்டி, என் குரல மட்டும் தனியாப் போட்டுக் காட்டுனாருங்க." ஜன்னல் ஜமுக்காளத்தை இழுத்துச் சரிசெய்தாள். "அதோட சரி."

நான் அதற்கும் ஏதோ கிண்டல் பண்ணினேன். என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது. அவள் சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆடி மாதம் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் நாங்கள் பாடியதைத்தான் ஸ்பீக்கரில் போடுவார்கள். கூழ் ஊற்றும் நாளில் தெருவே நிற்கும். நான் கரண்டியும் கையுமாக நின்று, வருகிறவர்களை நிறுத்தி, "தோ, தோ, இந்த எடத்துல கேளு. அந்த ஏறி எறங்கற குரலு இருக்குதே, அதான் நானு" என்பேன். அஞ்சலை பக்கத்தில் சொம்பு நீட்டிக்கொண்டிருப்பாள். "இல்லியா அஞ்சல?" என்று அவளையே சாட்சிக்குக் கூப்பிடுவேன். "ஆமாங்கக்கா" என்பாள். ஒவ்வொரு ஆடிக்கும் நான் கேட்டேன், ஒவ்வொரு ஆடிக்கும் அவள் ஆமாம் என்றாள்.

அஞ்சலைக்கு ஒரே பெண், கௌசல்யா. கல்லூரியில் சேர்ந்திருந்தாள். புருஷன் இல்லாமல் பொம்மைக்குக் கண்ணு எழுதியே வளர்த்த பெண். திடீரென்று ஒருநாள் அஞ்சலை, "அக்கா, நலங்குப் பாட்டு ஒன்னு எடுத்து வெச்சிடலாம். கௌசி கல்யாணத்தப்ப எனக்கு அழுவாச்சி வந்துடும், பாட வராது" என்றாள். மாப்பிள்ளையே பார்க்கவில்லை, அதற்குள் நலங்கா என்று அவளைக் கேலி செய்தபடியே எல்லோரும் போய்ப் பாடினோம். அன்றைக்குப் பாடியதும் டீக்கடைக்காரர் வீட்டுப் பென்டிரைவுக்குப் போனது. தபேலா சேர்க்க வேண்டும், அடுத்த வாரம் முடித்துவிடலாம் என்றாள் ரெக்கார்டிங்காரப் பெண். அடுத்த வாரம் அஞ்சலை மஞ்சள் காமாலையில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

பாட்டு அரைகுறையாகவே நின்றது. அதை முடிக்கச் சொல்லிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் நிஜமாகவே இடி இறங்கி, அவள் பெட்டியும் போனது, கம்ப்யூட்டரும் போனது.

கௌசல்யாவுக்குக் கம்மாபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பெரிம்மா, அம்மா பாடுனது எங்கனா இருக்குமா?"

"கல்யாணத்துல போடறதுக்கா கண்ணு?"

"போடறதுக்கும்தான்." கொஞ்ச நேரம் கால் விரலைப் பார்த்தாள். "போட்டோ இருக்குது பெரிம்மா. சத்தம்தான் ஒன்னுகூட இல்ல. அப்ப பட்டன் போனுதான வெச்சிருந்துச்சி. கனவுல வந்தாக்கூட வாயி அசையுது, சத்தம் வரல. அது எப்பிடிப் பேசும்னே எனக்கு மறந்துக்கிட்டு வருது."

அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு டீக்கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். பென்டிரைவைக் கேட்டதும் அவர் சாமி மாடத்துக்குப் போனார். மாரியம்மன் படத்து ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. மேலே மஞ்சள், நடுவில் குங்குமப் பொட்டு.

"என்னாய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சாமி பாட்டு உள்ள இருக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. வெள்ளிக்கிழமையானா எங்க வூட்டம்மா இதுக்கும் சேத்துத்தான் சூடம் காட்டுது."

சூடம் காட்டின பென்டிரைவை எடுத்துக்கொண்டு மாடி ஏறினோம். அந்தப் பெண் யாரிடமோ வேறு ஒரு பெட்டியும் கம்ப்யூட்டரும் வாங்கி வைத்திருந்தாள். பென்டிரைவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அது குங்குமத்துக்காக என்று நினைத்தேன். தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, அதன் வாயில் இருந்த மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். சொருகினாள். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்து ஊதிவிட்டு மறுபடி சொருகினாள். கௌசல்யா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தியது. மூன்றாவது முறை திறந்துகொண்டது.

"இருக்குதாக்கா?"

"இரு கண்ணு. மொதல்ல ஒரு காப்பி எடுத்துக்கறேன். கேக்கறது அப்புறம்."

காப்பி எடுத்து, ஒவ்வொரு குரலாகப் பெட்டிக்குள் ஏற்றினாள். ஏற்றி முடித்தவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சிடி? வரலியா?"

"குரலெல்லாம் வந்துருச்சிங்க. யார யார எவ்ளோ வெச்சிருந்தேன்ற கணக்குதான் வரல. அது பழைய பெட்டியோட போச்சி. எல்லாம் ஒரே மட்டத்துல நிக்குது." பிறகு என்னைப் பார்க்காமல், "பெரிம்மா, நீங்க கீழ போயி டீ சொல்லிட்டு வர்றீங்களா?" என்றாள்.

"நான் ஏன்டி போவணும்? நானும் பாடுன பாட்டுதான? கேட்டுட்டுப் போறேன்."

"நாளைக்கு வாங்களேன். சரிபண்ணி வெக்கிறேன்."

கௌசல்யாவால் நாளை வரைக்கும் இருக்க முடியாது. செல்போனில் இருப்பதுபோலவே முக்கோணம் போட்ட பட்டன் அந்தப் பெட்டியிலும் இருந்தது. எட்டி அழுத்திவிட்டாள்.

நலங்குப் பாட்டு நடுவிலிருந்து வந்தது. தெருவில் யாரோ சண்டை போடுவது உள்ளே பதிந்துவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர் தெளிக்காமல் ஆட்டுக்கல்லைச் சுற்றினால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி ஒரு குரல். மற்ற எல்லோரும் ஒரு வழியில் போக, அது மட்டும் கம்பை எடுத்துக்கொண்டு எதிர்வழியில் போனது. அதற்கு அடியில் எங்கேயோ அஞ்சலை பாடிக்கொண்டிருந்தாள். கௌசல்யா காதைப் பெட்டிக்குக் கிட்டே கொண்டுபோய்த் தேடினாள்.

"யாருடி அது, கட்டத்தொண்ட? அஞ்சலையக் கேக்க விடாம?" என்று கத்தினேன்.

அந்தக் கட்டைத்தொண்டை ஒவ்வொரு அடி முடிந்ததும் "ஆமா" என்று ஒரு சொல்லைச் சேர்த்தது. அப்படிச் சேர்த்துப் பாடுகிறவள் எங்கள் கூட்டத்தில் ஒருத்திதான். நான்தான்.

அந்தப் பெண்ணின் விரல் ஒரு கட்டைக்குப் போனது. கீழே இழுத்தாள். சண்டைக்காரி அந்த நிமிஷமே காணாமல் போனாள். பாட்டு தண்ணீர் மாதிரி ஓடியது. ஏறி இறங்குகிற அந்தக் குரல், ஆடி மாதம் தெருவெல்லாம் நான் விரல் நீட்டிக் காட்டிய குரல், கட்டையை இழுத்த பிறகும் போகாமல் அங்கேயே இருந்தது.

"நிறுத்து" என்றேன். நிறுத்தினாள்.

"கோயில்ல போடறது?"

"அஞ்சல அக்காவுதுங்க."

"அதுல நான் எங்க இருக்கேன்?"

பொய் சொல்லத் தெரியாதவள். எதையாவது நல்லதாகத் தேடினாள்.

"கை தட்டறப்ப இருப்பீங்க பெரிம்மா."

எத்தனையோ பேரை நான் சிரிக்கவைத்திருக்கிறேன். சாவு வீட்டில்கூடச் சிரிக்கவைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. முகம் சூளையைத் திறந்து எதிரில் நின்ற மாதிரி காய்ந்தது. தனி மைக். பீரோ மூலை. 'இல்லியா அஞ்சல?' என்று நான் கேட்டபோதெல்லாம் சொம்பை நீட்டிக்கொண்டு அவள் தலையாட்டியது. எனக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பெண் என்னைவிட மோசமாக இருந்தாள். கன்னமெல்லாம் தண்ணீர். கூட்டத்தில் பர்ஸ் எடுத்து மாட்டிக்கொண்டவள் நிற்பதுபோலத் தலையைக் குனிந்து நின்றாள். "மன்னிச்சிடுங்க பெரிம்மா" என்றாள். என்னை இத்தனை நாள் மூடி வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாளா, இன்றைக்குத் திறந்துவிட்டதற்குக் கேட்டாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"அம்மாவ மட்டும் வெய்யிங்கக்கா" என்றாள் கௌசல்யா.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாக் கட்டையையும் கீழே இழுத்தாள். அஞ்சலையின் கட்டையை மட்டும் மேலே தள்ளிவிட்டு, முதலிலிருந்து ஓடவிட்டாள். எந்தப் பாட்டுக்கும் முன்னால் இருக்கிற வெட்டிப் பேச்சை அவள் நறுக்கி எறிந்துவிடுவாள். இது முடிக்காத பாட்டு. அவளும் அழுதுகொண்டிருந்ததில் மறந்துவிட்டாள்.

முதலில் ஒரு செருமல். பிறகு அஞ்சலை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி, மெதுவாகப் பேசினாள்.

"ஏம்மா, அக்கா கீழ வெத்தல துப்பப் போயிருக்குது. எப்பவும் போல எறக்கிடு அவங்கள. தெரிய வேணாம். பாவம், பாட்டுன்னா உசுர வுடுது அது." ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு குரலை உயர்த்தி, "வாங்கக்கா வாங்க, நீங்க இல்லாம எப்பிடி ஆரம்பிக்கறது?"

பட்டனை அமுக்கி நிறுத்தினாள் அந்தப் பெண்.

கிண்டல் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். திட்டினால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன். பாவம் என்று என்னை ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதுவும் நான் பாவம் பார்த்து, விட்ட அடியை எடுத்துக் கொடுக்கிற வேலையாவது இவளுக்கு இருக்கட்டும் என்று மனதுக்குள் பெருமை பேசிக்கொண்டிருந்த ஒருத்தி.

"திருப்பி வெய்யிங்கக்கா" என்றாள் கௌசல்யா.

"பாட்டுக்குப் போயிடலாம் கண்ணு. இது சும்மா பேசுனது. வெட்டிடுவேன்."

"வெட்டாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் கீழே சைக்கிள் கடையில் சுத்தியல் நின்றது. "அம்மா பேசுதுக்கா. பேசுது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். யாருக்கும் எதையும் நேராகச் சொல்லாதவள், அன்றைக்கு எனக்காகச் சொன்னாள். "அதுல பெரிம்மாவப் பத்தி இருக்குது கண்ணு. கல்யாண வூடு. நாலு பேரு காதுல வுழுவும்."

கௌசல்யா என் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் நான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

"அது என்னா சொன்னுச்சின்னே நான் கேக்கல பெரிம்மா. சத்தத்தத்தான் கேட்டேன்."

பொய் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அந்தப் புள்ளைக்குக் குடுத்துடும்மா" என்றேன்.

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடட்டுங்களா? தெரியாத மாதிரி எடுத்துடுவேனுங்க."

எந்த வார்த்தை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எடுத்துவிடு என்று சொல்ல வாய் வந்தது. என் நாக்கு நுனியில் நின்றது அது. அவளால் முடியும். என்னையே அத்தனை பாட்டிலிருந்து எடுத்தவளுக்கு ஒரு சொல் பெரிதா?

"வேணாம்" என்றேன். "அத எடுத்துட்டா அஞ்சல பேசற மாதிரி இருக்காது. அவ அப்பிடித்தான் பேசுவா."

கௌசல்யாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். படியிறங்கும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள் என்று பிறகு கௌசல்யா சொன்னாள். அதற்குப் பிறகு நான் அந்த மாடி ஏறவும் இல்லை, எங்கேயும் பாடவும் இல்லை. அவள் ஊரைவிட்டுப் போன செய்திகூட மாதங்கள் கழித்துத்தான் காதுக்கு வந்தது. ஒருமுறை போய் ஏதாவது கிண்டல் பண்ணிவிட்டு வந்திருக்கலாம். கிண்டல் வந்திருக்காது. அந்தப் பயத்தில்தான் போகவில்லை.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டு பேரும் நடந்தே போனோம். கௌசல்யா போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரர்கள் அடிக்கிற ஹாரனில் அவளுக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுச் சத்தத்தை முழுக்க ஏற்றினாள். பூக்கடை வரிசையில் அஞ்சலை பேசினாள். பாவம், பாட்டுன்னா உசுர வுடுது அது. பூக்காரி ஒருத்தி முழம் போடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். முடிந்ததும் கௌசல்யா மறுபடி போட்டாள். பழக்கடை வந்தது, மறுபடி போட்டாள். சிரித்தாள், துப்பட்டாவில் மூக்கைத் துடைத்தாள், விரல் திரும்பவும் அந்த முக்கோணத்துக்குப் போனது. நடுவில்தான் என் முகத்தைக் கவனித்தாள் போலிருக்கிறது.

"நிறுத்திடட்டா பெரிம்மா?"

"எதுக்கு? போடு கண்ணு" என்றேன். முந்தானையை இழுத்து, கடைப் பக்கம் முகம் தெரியாதபடி தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, அஞ்சலை பேசப் பேச அவள் கூடவே நடந்தேன்.